பன்னிரண்டு சுற்று

வலங்கைமானில் வானதியை அடையாளம் சொல்ல யாரும் அவள் படிக்கும் வகுப்பைச் சொல்வதில்லை. "ஸ்கூல் தண்ணி டேங்கைத் திறந்து விட்டுச்சே, அந்தப் பொண்ணு" என்றால் போதும். அதற்கு மேலும் விளக்கம் கேட்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார்.

அந்த டேங்கில்தான் எல்லாம் தொடங்கியது. அவளுடைய அம்மா ஷோபனா புருஷனோடு பேச்சை நிறுத்தி, மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டு மாடிக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்பா குணசேகரன் இரண்டு மைல் தள்ளி, குடமுருட்டி ஆற்றுக் கரையோரக் கிராமத்தில் தன் வயலோடு இருந்தார். என்ன சண்டை என்று வானதிக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டால் அம்மா, "படிக்கிற வேலையப் பாரு" என்பாள். அப்பா, "உங்கம்மாவக் கேளு" என்பார்.

ஒரு மத்தியானம் வானதி பள்ளிக்கூட மாடியில் ஏறி, டேங்கின் அடிக்குழாயைக் கழற்றி விட்டாள். தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கி, கீழ் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகப் பைகளை நனைத்துத் தள்ளியது. தலைமையாசிரியை பெற்றோர் இருவரையும் வரச் சொன்னார். இருவரும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா, அப்பாவின் தோளைப் பிடித்திருந்ததை வானதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பள்ளத்தில் விழுந்துவிடாமல் இருக்கப் பிடித்த பிடி அது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

அன்று அவள் ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டாள். சின்னக் குறும்பு செய்தால் அம்மா மட்டும் வருவாள். பெரிதாகச் செய்தால் அப்பாவும் வருவார். வாத்தியார்களின் வண்டிகளில் காற்றைப் பிடுங்கி விட்டபோது அம்மா மட்டும்தான் வந்தாள். சத்துணவுக் கூடத்துச் சாம்பாரில் சோப்புத் தூளைக் கொட்டியபோது இருவரும் வந்து, அறை வாசலில் பக்கத்துப் பக்கத்தில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். அந்த முக்கால் மணி நேரத்தை வானதி ஒரு மாதம் வரை மனதில் வைத்துத் தின்றாள். ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டியிருந்தது. இது எங்கே போய் முடியும் என்று கேட்க அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. அதன் பிறகுதான் தமிழ்மாறன் வந்தான்.

அவன் பத்தாம் வகுப்பு. அவள் ஒன்பது. அவனுடைய அப்பா நெடுமாறன் அந்தப் பகுதியின் லஸ்கர். ஆற்றில் வரும் தண்ணீரை முறை வைத்து வாய்க்கால்களுக்குத் திறந்து விடுகிற அரசாங்க வேலை. மதகுகளின் இரும்புப் பலகையை ஏற்றி இறக்க அவரிடம் ஒரு சாவி உண்டு. சாவி என்றால் முழ நீள இரும்புக் கம்பி, ஒரு முனையில் சதுர ஓட்டை, மறு முனையில் குறுக்குப் பிடி. அதை மதகுத் தண்டின் தலையில் மாட்டிச் சுற்றினால்தான் பலகை நகரும். சனி, ஞாயிறுகளில் அப்பாவுக்குப் பதில் தமிழ்மாறனே சைக்கிளில் அதைக் கட்டிக்கொண்டு கரையோரம் போவான்.

வாரக் கடைசியில் வானதி அப்பா வீட்டுக்கு வருவாள். ஒரு சனிக்கிழமை அவள் மதகுச் சுவரில் உட்கார்ந்து வாய்க்காலில் கல் எறிந்துகொண்டிருந்தாள்.

"ஏய் கேடி, எந்திரி. உன் மேல தண்ணிய விட்டா அதுக்கும் உங்கப்பா அம்மாவக் கூப்பிட்டு விடுவாங்க" என்றான் தமிழ்மாறன்.

"நீ யாரு, லஸ்கரா?"

"லஸ்கர் மகன். சுத்துறியா? கையில வலு இருக்கா, இல்ல வாயில மட்டுமா?"

அவள் சாவியைப் பிடித்தாள். அவன் பக்கத்தில் நின்று எண்ணினான்.

"பன்னெண்டு சுத்து. எண்ணிக்கிட்டே சுத்தணும். மரை தேஞ்சு கெடக்கு, பலகை ஒரு சாண் தொளதொளன்னு ஆடும். பன்னெண்டாவது சுத்துல கொண்டியப் போட்டாத்தான் நிக்கும். பாதியில கைய விட்ட, பட்டுன்னு கீழ வந்துடும்."

பன்னிரண்டாவது சுற்றில் தண்ணீர் பலகைக்கு அடியில் நுரைத்துக்கொண்டு வந்தது. "பரவால்லியே" என்றான் அவன். இரண்டு வருடமாக அவளை யாரும் பாராட்டியதில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமைகள் அவளுக்கு வேறு நிறத்தில் விடிந்தன. வாரம் முழுவதும் சேர்த்து வைத்த பேச்செல்லாம், அவன் சைக்கிளை விட்டு இறங்கியதும் மறந்து போகும். ஆனால் வீட்டில் நடப்பதை அவனிடம் மட்டும் சொன்னாள். அவன் எதற்கும் "அய்யோ பாவம்" என்று சொன்னதில்லை. அதனாலேயே அவனை இன்னும் பிடித்தது.

ஐப்பசி பிறந்தபோது இரண்டு செய்திகள் சேர்ந்து வந்தன. அப்பாவுக்கு சிங்கப்பூர் விசா கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ராத்திரி திருச்சியில் விமானம். அதற்கு முன், திங்கட்கிழமை பத்தரை மணிக்குத் திருவாரூர் கோர்ட்டில் விவாகரத்துக்கான கடைசிக் கையெழுத்து.

"இந்தத் தேதிய விட்டா அவர் ரெண்டு வருஷத்துக்கு வர மாட்டார்ண்ணே. அதுவரைக்கும் நான் அந்தரத்துலதான் தொங்கணும்" என்று அம்மா மாமாவிடம் சொன்னதை வானதி மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டாள். அம்மாவுக்கு எது பயமாக இருந்ததோ அதுவே மகளுக்கு நம்பிக்கையாக இருந்தது. இரண்டு வருடம் தள்ளிப் போனால் என்னென்னவோ மாறலாமே.

குணசேகரனை எது பிடித்து நிறுத்தும் என்று அவளுக்குத் தெரியும். நட்டு இருபது நாள் ஆன சம்பாப் பயிர், பத்து நாளாக மழை இல்லாமல் வெடிப்பு விட்டுக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவருடைய வயலுக்கு முறை. முறைத் தண்ணீர் வயலில் ஏறுவதைக் கண்ணால் பார்க்காமல் அவர் கல்யாணத்துக்குக்கூடக் கிளம்பியதில்லை. தண்ணீர் வராவிட்டால் திங்கட்கிழமை எங்கும் போக மாட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் நெடுமாறன் சைக்கிளை நிறுத்திவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். சாவியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க வானதிக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. அப்பா வீட்டுக் கொல்லையில் இருந்த வைக்கோல் போருக்குள் தோள் வரை கையை விட்டுச் சாவியைச் செருகினாள்.

மறுநாள் காலை கரையில் நெடுமாறன் பேயறைந்தவர் போல அலைந்தார். பக்கத்துப் பகுதியில் வாங்கி வந்த சாவி இந்தத் தண்டில் உட்காரவில்லை. வயலில் மிஞ்சும் தண்ணீரை வெளியேற்றுகிற வடிகால் மதகுக்கும் இதே சாவிதான். அதுவும் மூடியே கிடந்தது. தமிழ்மாறன் நேராக வானதியிடம் வந்தான்.

"எங்க வச்ச?"

"எத?"

"வானதி, விளையாடாத. எங்கப்பாவுக்கு வேலை போயிடும்."

அவன் அவளைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள், வைத்த இடத்தைத் தவிர.

"நாளைக்குப் பதினோரு மணிக்குக் குடுத்துடுறேன். கோர்ட்டு நேரம் தாண்டிடும். அதுவரைக்கும் சொல்லாத."

அவன் வானத்தைப் பார்த்தான். கிழக்கே கடல் பக்கம் கருநீலமாக ஏதோ திரண்டுகொண்டிருந்தது.

"மழை வந்தா?"

"பத்து நாளா வராதது இன்னைக்கு வந்துடுமா?"

"சரி" என்றான் அவன். "பதினோரு மணி. ஒரு நிமிஷம் கூட ஆவக் கூடாது."

மழை அன்று மத்தியானமே வந்தது. வந்தது நிற்கவில்லை. திங்கட்கிழமை விடிந்தபோது வயலும் வாய்க்காலும் ஒன்றாகிக் கிடந்தன. வடிகால் மதகு மூடியிருந்ததால் பெய்ததெல்லாம் பயிர் மேலேயே நின்றது. நாற்றின் நுனிகள் மட்டும் தெரிந்தன. நெடுமாறன் வேறு சாவி தேடி ஆபீசுக்கு ஓடியிருந்தார்.

குணசேகரன் கடப்பாரையோடு வடிகால் மதகில் நின்றார். தமிழ்மாறன் பலகைக்குப் பக்கத்தில் மார்பளவுத் தண்ணீரில் இறங்கியிருந்தான். "நீங்க நெம்புங்க மாமா. பலகை ஒரு சாண் ஏறும். நான் கல்லை வச்சு நிறுத்திடுறேன்."

ஐம்பது அடி தள்ளிப் பூவரச மரத்தடியில் வானதி நனைந்துகொண்டு நின்றாள். கையில் அப்பாவின் பழைய கடிகாரம். மணி ஒன்பது ஐந்து. அவன் ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்தான். சாவியைக் கேட்கவில்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

அப்போது கரையில் ஆட்டோ வந்து நின்றது. ஷோபனா பட்டுப் புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடையோடு சேற்றில் இறங்கி வந்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டு வந்து உங்க தண்ணிய வடிச்சுக்குங்க. வக்கீல் மூணு தடவ போன் பண்ணிட்டாரு."

"பயிர் முழுகுது, கண்ணு தெரியலையா உனக்கு?"

"எனக்கு எல்லாந்தான் முழுகிப் போச்சு. அத யாரு பாத்தா?"

சொன்னாளே தவிர, கை தானாகவே நீண்டு குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தது. பதினைந்து வருடத்துப் பழக்கம். ஒரே குடைக்குள் இருவரும். வானதி மரத்தடியிலிருந்து பார்த்தாள். இந்தக் காட்சிக்காகத்தானே இத்தனையும் செய்தாள். குணசேகரன் தலைக்கு மேலே குடையைப் பார்த்தார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

பலகையைத் தூக்கிப் பிடித்திருந்த கடப்பாரை வழுக்கியது. பலகை கீழே வந்தது.

தமிழ்மாறன் கத்தவில்லை. பெரிதாக ஒரு மூச்சை இழுத்தான். கல்லை வைக்கப் போன வலது கை பலகைக்கு அடியில் இருந்தது. குணசேகரன் மறுபடி கடப்பாரையைப் போட்டார். பதற்றத்தில் அது பிடிக்கவே இல்லை. கை சிக்கியதில் அவனால் நிமிர முடியவில்லை; ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் அவன் தோளுக்கு வந்தது.

வானதி அப்பா வீட்டுக்கு ஓடினாள். வைக்கோல் போரை இரண்டு கையாலும் பிய்த்தாள். சாவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது தண்ணீர் அவன் தாடையைத் தொட்டிருந்தது. யாரையும் பார்க்காமல் சாவியைத் தண்டில் மாட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. கை நழுவினால் பலகை மறுபடி விழும் என்று அவளுக்குத் தெரியும். கீழே அவனும் எண்ணிக்கொண்டிருந்தான். அவன் உதடுகள் அசைவது தெரிந்தது. பன்னிரண்டு. கொண்டியைப் போட்டாள்.

அவனை மேலே இழுத்துப் போட்டபோது கையைப் பார்த்து ஷோபனா முகத்தை மூடிக்கொண்டாள். அந்த நிலையிலும் அவன் குணசேகரனிடம் சொன்னான்: "சாவிய நான்தான் மாமா ஒளிச்சு வச்சேன். விளையாட்டுக்கு. இவள எடுத்துட்டு வரச் சொன்னேன்."

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. ஷோபனாவும் குணசேகரனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கோர்ட்டு நேரம் தாண்டிவிட்டது. அவர் ஒரு டீ வாங்கி வந்து, பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவளிடம் கொடுத்தார். அவளும் வாங்கிக் குடித்தாள். வானதி எதிர்ச் சுவரோரம் நின்று அதைப் பார்த்தாள்.

சுவரின் மறு மூலையில் நெடுமாறன் குந்தியிருந்தார். சாவியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"எம்புள்ளையே எனக்கு எமனா வந்துட்டான்" என்று முனகிக்கொண்டிருந்தார். "ஊர்ல அம்பது வேலி நெலத்துப் பயிர் போயிருக்கும். ஆபீசுல என்னன்னு எழுதிக் குடுப்பேன்? விளையாட்டாம். கை சரியாகி வரட்டும், அவன் முகத்துல முழிக்க மாட்டேன்."

வானதி பெஞ்சைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடியிருந்தாள்; தலை அப்பாவின் தோளுக்கு ஒரு விரல்கடைத் தூரத்தில் இருந்தது. இப்போது வாயைத் திறந்தால் அந்த ஒரு விரல்கடை எவ்வளவு தூரமாகப் போகும் என்று அவளுக்குத் தெரிந்தது. திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது.

"மாமா" என்று நெடுமாறனைக் கூப்பிட்டாள். "அவன் எடுக்கல. நான்தான் எடுத்தேன். இவங்க கையெழுத்துப் போடக் கூடாதுன்னு எடுத்தேன். சொல்லாதன்னு நான் கேட்டேன், அவன் சொல்லல."

நெடுமாறன் நிமிர்ந்து பார்த்தார். வசவு வரும் என்று அவள் காத்திருந்தாள். அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார், தோள்கள் குலுங்கின. பெஞ்சில்தான் குரல்கள் எழும்பின.

"பாத்தியா உன் வளர்ப்ப?"

"எம்மேல போடாதீங்க. எத்தன தடவ சொன்னேன், அவளுக்கு ஒரு நாள் ஒதுக்கி உக்காந்து பேசுங்கன்னு? வயலக் கட்டிக்கிட்டு அழுதீங்க."

"நீ வீட்டுல இருந்திருந்தா இது நடக்குமா?"

"நீங்க மனுஷனா இருந்திருந்தா நான் ஏன் போறேன்?"

அவர் எழுந்து பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போனார். அவள் புடவையை இழுத்துக்கொண்டு இந்தக் கோடிக்கு நகர்ந்தாள். காலி டீக் கப் நடுவில் நின்றது. குணசேகரன் போனை எடுத்தார்.

"வக்கீல் சார், நாளைக்கு எடுத்துக்க முடியுமா? ராத்திரிதான் ஃப்ளைட்டு. பத்தரைக்கெல்லாம் வந்துடுறோம். ஆமா, ரெண்டு பேரும்தான். சேர்ந்தே வந்துடுறோம்."

ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது. நர்ஸ் ஒருத்தி கையில் ஒரு பேப்பரோடு தலையை நீட்டினாள். வானதியால் அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"தமிழ்மாறன் கூட வந்தவங்க யாரு?"

நெடுமாறன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றார். வானதி போய்க் கையைக் கொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினாள். அவர் அந்தக் கையை உதறவில்லை.

"நாங்கதான்" என்றாள்.

பெஞ்சைத் திரும்பிப் பார்க்காமல் அவரோடு கதவை நோக்கி நடந்தாள்.