எக்ஸ்ரே லொறியும் என் தாலியும்

அந்த லொறி குவாரிப் பாதையில் திரும்பியபோது நான் சல்லி உடைத்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறத்தில் பெரிய பெட்டி, பின்னால் நாலு படி, கூரையில் ஒலிபெருக்கி. "எல்லாரும் வாருங்கோ, நெஞ்சுப் படம் எடுக்க வாருங்கோ" என்று ஒரு பெண் குரல் கத்திக்கொண்டே வந்தது. சுத்தியலை எறிந்துவிட்டு எழுந்து ஓடினேன். மற்றவர்கள் புதினம் பார்க்க ஓடினார்கள். நான் ஓடியது என் மனுசனின் இருமலுக்காக.

நாங்கள் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து காணி கிடைக்கும் என்று நம்பி வன்னிக்கு வந்தவர்கள். குடியேற்றத் திட்டத்தில் எங்கள் பங்கு கிடைக்கும்வரை புளியங்குளத்துக்குக் கிட்ட ஒரு கருங்கல் குவாரியில், அதை நடத்திய கொந்தராத்துக்காரரிடம் கூலி வேலை. அவர் அலவாங்குக் கம்பியால் பாறையில் துளை போட்டு வெடி வைப்பவர். வெடித்து விழும் கல்லை நாங்கள் பெண்கள் றோட்டு வேலைக்குச் சல்லியாக உடைப்போம். துளை போடும்போது கிளம்பும் வெள்ளைத் தூள் அவருடைய இமையிலும் மீசையிலும் அப்பியிருக்கும். வாடிக் குடிசைக்கு வந்து பாயில் சரிந்தால் இருமல் தொடங்கும். அந்த மாரி முழுக்க இருமினார். நானும் இருமினேன்தான், குவாரியில் இருமாதவர் யார்? ஆனால் அவர் இருமினால் நான் எழும்பி விளக்கைக் கொளுத்தி அவர் துப்பியதைப் பார்ப்பேன். எங்கள் பக்கத்து வாடியில் இருந்த துளைக்காரர் ஒருவர் இப்படித்தான் இருமி இருமி, இரத்தம் கக்கிப் போய்ச் சேர்ந்திருந்தார்.

"இஞ்சாருங்கோ, லொறி வந்திட்டுது. எழும்பி வாங்கோ" என்று பாறையடியில் குந்தியிருந்தவரைப் பிடித்து இழுத்தேன்.

"உனக்கென்ன விசரே? சயரோகம் எண்டு சொல்லிப்போட்டா கொந்தராத்துக்காரர் அண்டைக்கே மூட்டை கட்டச் சொல்லுவார். பிறகு வேலையுமில்லை, காணியுமில்லை."

"செத்தாப் பிறகு உங்களுக்கு ஆறடிக் காணி காணும்!"

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆம்பிளைகளுக்கு முன்னால் நான் இப்படி வாய் காட்டுவது அவருக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் எனக்கென்ன?

"சரி, அப்ப நீ முதல் ஏறு. நீ உயிரோட இறங்கி வந்தா நான் ஏறுறன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

எல்லாரும் கேட்டார்கள். எனக்கு அது போதும்.

லொறிக்காரர்கள் இயந்திரத்தை ஆயத்தப்படுத்தும் நேரத்துக்குள் நாங்கள் வாடிக்கு ஓடினோம். படம் என்றால் படம்தானே! முகத்துக்குப் பவுடர், தலைக்குப் பூ, இருக்கிற நகை, இல்லாதவர்களுக்கு இரவல் நகை. நான் பெட்டிக்குள் கிடந்த கூறைச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்ற என்னைப் பார்த்து அந்த ஒலிபெருக்கிக் குரலுக்குச் சொந்தக்காரியான மருத்துவத் தாதி மிசி, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நின்றவா, வாயைப் பிளந்தா.

"என்ன பிள்ளை, ஆருக்குக் கலியாணம்? இது முகத்தை எடுக்கிற படமில்லை. நெஞ்சுக்கு உள்ளுக்கு இருக்கிறதை எடுக்கிறது. நெஞ்சில நகை, ஊசி, ஒண்டும் கிடக்கப்படாது. எல்லாத்தையும் கழட்டுங்கோ."

"தாலியுமோ, மிசி?"

"ஓம், தாலியும்."

அவ்வளவுதான். வரிசை கலைந்தது. "கட்டினவர் குத்துக்கல்லாட்டம் நிக்கேக்க தாலியைக் கழட்டுறதோ, ஐயோ கடவுளே!" என்று எனக்குப் பின்னால் நின்ற அக்கா சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டு வாடிப் பக்கம் நடந்தா. என் மனுசனைப் பார்த்தேன். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நல்லதாப் போச்சு. உனக்கும் ஏறேலாது, எனக்கும் ஏறத் தேவையில்லை."

எனக்கு உச்சியில் ஏறியது கோபம். இவ்வளவு தூரம் கொண்டுவந்து இப்போது விடுவதா? மிசியிடம் திரும்பினேன்.

"தாலி கிடந்தா என்ன பிழை?"

"பொன் படத்தில வெள்ளையா விழும். நோயும் வெள்ளையா விழும். எது எதெண்டு டொக்டருக்கு எப்பிடித் தெரியும்?"

"கயிறு விழுமோ?"

"நூல் விழாது. பொன்தான் விழும்."

என்னுடையது மஞ்சள் கயிறு. அதில் ஒரு சின்னப் பொன் தாலி. அதைத் தூக்கி வாய்க்குள் வைத்துப் பல்லால் கடித்துக்கொண்டு மிசியைப் பார்த்தேன். கழுத்தை விட்டுக் கழலவுமில்லை, நெஞ்சில் கிடக்கவுமில்லை! மிசி சிரித்த சிரிப்பில் தொப்பி சரிந்துவிட்டது. "ஏறும், ஏறும்! கெதியா ஏறும்" என்று என்னைப் படியில் தள்ளினா.

உள்ளே இருட்டு. இயந்திரம் உறுமியது. தகரச் சுவர் எல்லாம் நடுங்க, நானும் நடுங்கினேன். பயத்தாலல்ல, சந்தோசத்தால். ஒரு சிங்கள ஐயா என் நெஞ்சைக் குளிர்ந்த பலகையில் அழுத்தி வைத்தார். அவருக்குத் தமிழில் நாலு சொல்தான் வரும். "மூச்சு எடு. பிடி. சரியா?" என்றார். கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் நிற்க எனக்கு எங்கே வரும்? "ஓம்" என்றேன். டக் என்று ஒரு சத்தம். முடிந்தது. தாலி நெஞ்சில் கிடந்தது. சத்தத்துக்கு முன்பே விழுந்ததா, பிறகு விழுந்ததா, அதை யோசிக்க யாருக்கு நேரம்?

படியில் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். "உயிரோட வந்திட்டன்! ஏறுங்கோ பாப்பம்!"

பொடியன்கள் விசிலடித்தார்கள். அவர் என்னை எரிப்பதுபோலப் பார்த்தார், சட்டையைக் கழற்றினார், ஏறினார். ஏறினாரே! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. கூறைச்சேலையோடு எப்படிக் குதிப்பது?

போன பெண்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். ஆளாளுக்குத் தாலியைக் கடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அந்த நேரம் பார்த்துக் கொந்தராத்துக்காரர் சைக்கிளில் வந்து இறங்கி, "என்ன நடக்குது இஞ்ச?" என்று அதட்டினார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. "ம்ம்" என்று லொறியைக் காட்டினார்கள். குவாரியில் இத்தனை பெண்கள் ஒன்றாக நின்று அப்படியொரு அமைதியை அந்த மனிதர் கண்டிருக்கமாட்டார். பயந்துபோய்ச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மாசி வெயில் ஏறத் தொடங்கிய நாளில் மிசி ஜீப்பில் திரும்பி வந்தா. நான் சல்லிக் குவியலில் சறுக்கி விழுந்து, எழுந்து, ஓடினேன்.

"உம்மட மனுசனுக்குச் சயமில்லை, பிள்ளை. கல்லுத்தூள் இருமல்தான். மூக்கையும் வாயையும் துணியால கட்டச் சொல்லும். துளைக்குள்ள தண்ணி ஊத்தி இடிக்கச் சொல்லும். தூசி எழும்பாது."

ஐயோ, எனக்கு வந்த சந்தோசம்! அப்படியே மிசியைக் கட்டிப்பிடித்துவிட்டேன். வெள்ளைச் சட்டை முழுக்கக் கல்லுத்தூள். அதற்குள் அவரும் வந்துவிட்டார். "கேட்டீங்களே? கேட்டீங்களே?" என்று அவரைப் பிடித்து உலுக்கினேன்.

"பொறும் பிள்ளை" என்றா மிசி. "உம்மட படத்தில ஒரு வெள்ளைப் பொட்டுத் தெரியுது."

நான் சிரித்தேன். "அது என்ர தாலி, மிசி!"

அந்த "ஓம்" கதையைச் சொன்னேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது என் மனுசன்தான். "ஒரு மூச்சு விடுற நேரம் வாயை மூடி வைச்சிருக்கத் தெரியாது இவளுக்கு!" மிசியும் சிரித்தா. பிறகு சிரிப்பை நிறுத்தினா.

"தாலியாத்தான் இருக்கும். எண்டாலும் யாழ்ப்பாணத்துக்குப் போய் இன்னொருக்கா எடுக்கோணும். இந்தமுறை வாயில வைக்கிற விளையாட்டு வேண்டாம். முழுக்கக் கழட்டோணும்."

"மாட்டன்" என்றேன். "தாலியெண்டு தெரிஞ்ச பிறகு என்னத்துக்கு இன்னொரு படம்?"

ஒரு கிழமை சண்டை. அவரை ஏற்றுவதற்கு நான் பட்ட பாட்டை எனக்காக இப்போது அவர் பட்டார். கடைசியில் புளியங்குளத்தில் ரெயில் ஏறினோம்.

ஆசுபத்திரி எக்ஸ்ரே அறை வாசலில் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் அசையவில்லை.

"கட்டினவன் நான்" என்றார் அவர். "நான் கழட்டினா உனக்கென்ன?"

என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, கயிற்றைத் தலைக்கு மேலால் எடுத்தார். சுற்றி இருந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே போனேன். இந்தமுறை யார் என்ன கேட்டாலும் நான் வாய் திறக்கவில்லை.

டொக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. வலது பக்கம், மேலே, ஒரு வெள்ளைப் பொட்டு.

"அது தாலி, ஐயா" என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

டொக்டர் அந்தப் பொட்டை விரலால் தொட்டுக் காட்டினார். நான் என் மனுசனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பொத்தியிருந்த கையை விரித்தார். தாலி அங்கே கிடந்தது.

எத்தனை மாதமாக அவருடைய இருமலுக்குக் காது கொடுத்துக்கொண்டு கிடந்தேன், என்னுடையதை நான் கேட்கவே இல்லை. கதிரையில் இருந்துவிட்டேன்.

"நோய் மாறுமோ, ஐயா?" என்று அவர் கேட்டார்.

"மாறும். சயத்தை நேரத்தோட பிடிச்சிட்டம். இஞ்ச தங்கி ஊசி போடோணும். பிறகு வீட்டில குளிசை. ஒரு நாளும் விடப்படாது."

"கல்லுடைக்கலாமோ?" என்றேன் நான்.

"கல்லுப் பக்கமே போகப்படாது" என்ற டொக்டர் என் மனுசன் பக்கம் திரும்பினார். "நீரும் வேற வேலை தேடுறது நல்லது."

"வேலை போனாப் போகட்டும்" என்றார் அவர். "காணியை ஆறுதலாப் பாப்பம்."

பிறகு, டொக்டர் பார்த்துக்கொண்டிருக்க, தாலியை என் தலைக்கு மேலால் போட்டு, கயிற்றில் சிக்கிய கொண்டையை வெளியே எடுத்துவிட்டார்.

"எங்கை ஐயா கட்டில்?" என்றார். "இவளை இண்டைக்கே சேருங்கோ."