கறுப்பனுக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள்

மகேஸ்வரி அக்கா போய்விட்டார் என்று தொலைபேசி வந்தபோது நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். கதிரையில் இருந்தேன், எழும்பினேன், மறுபடியும் இருந்தேன். அழுகை வரவில்லை. 'கறுப்பனை இனி யார் பார்ப்பது?' என்றுதான் முதலில் மனதில் ஓடியது.

அக்காவும் நானும் மெல்பேர்னில் ஒரே ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைப் பகுதியில் வேலை செய்தோம். கறுப்பன், மெல்பேர்ன் புறநகரான த பேசினில் அவர் வீட்டுக்குப் பின்னால் மேய்கிற குள்ளக் குதிரை. மூன்று வருடங்களுக்கு முன், மழைக்குத் தழைத்த புல்லைத் தின்று கொழுத்து, குளம்புக்குள் வீக்கம் கண்டு, அடியெடுத்து வைக்க முடியாமல் நின்றான். "இன்னொரு முறை வந்தால் சுட வேண்டியதுதான்" என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். குளிர்காலத்தில் மெலியவிட்டால்தான் வசந்தத்துப் புல்லை அவன் தாங்குவான். அதன் பிறகு அக்கா ஓரிடத்தில் நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

புல்வெளியில் பாதியைக் கம்பி கட்டி மறித்தார். உறைபனி விழுந்த காலைகளில் புல்லில் சீனி கூடும் என்று அவனை வெளியே விடமாட்டார். குளிர்கால மயிர் அடர்ந்திருக்கும். பார்வைக்கு ஒன்றும் பிடிபடாது. கையை வைத்து விலா எலும்பைத் தேடுவார். தட்டுப்பட்டால் மெலிந்துவிட்டானோ என்று பதைப்பு, தட்டுப்படாவிட்டால் கொழுத்துவிட்டானோ என்று பதைப்பு.

"என்னையும் ஒருக்கா உப்பிடித் தடவிப் பாருங்கோவன்" என்பேன்.

"உனக்குத் தடவத் தேவையில்லை, தூரத்தில நிண்டே தெரியுது."

ஊரிலிருந்து வந்து இறங்கிய எத்தனை பேர் அவர் வீட்டுக் குசினியில் சாப்பிட்டார்கள் என்பது, அக்காவை அறிந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே மனுசி ஒரு வாயில்லாச் சீவனைப் பட்டினி போடுகிறார் என்று பின்னால் பேசியதும் நீங்கள்தான். ஒரு ஞாயிறு மத்தியானம், விருந்துக்கு வந்த பரமசிவம் அங்கிள் கோட்டுப் பைக்குள் பாண் துண்டுகளை ஒளித்துக்கொண்டு வேலியடிக்குப் போனார். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா கறிக் கையோடு மழைக்குள் ஓடிப்போய் அவர் கையிலிருந்த பாணைப் பறித்தார்.

"என்ன பிள்ளை, அது பசியில கத்துதெல்லே!"

"ஓம் அங்கிள், கத்தட்டும். கத்தினாலும் உயிரோட நிப்பான்."

அங்கிள் சாப்பிடாமலே காரில் ஏறிப் போய்விட்டார். வீட்டுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்பிவிட்டேனே என்று அக்கா பின்னேரம் முழுக்க அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அங்கிள் கோவிச்சாலும் நடந்து திரிவார். இவனல்லோ நடக்க வேணும்" என்றார். கறுப்பன் நடந்தான். அந்த வீக்கம் திரும்பி வரவேயில்லை.

இப்போதும் குளிர்காலம். செத்தவீட்டுக்கு வந்த நீங்கள், தாயில்லாப் பிள்ளை பாவம் என்று ஆளுக்கொரு அப்பிளோடு வேலியடிக்கு வந்தீர்கள். நான் ஒருவரையும் விடவில்லை. "உமக்கும் அவவின்ர கல்நெஞ்சோ?" என்று ஒருவர் கேட்டார். ஓம். அக்காவிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

ஆனால் அது இன்னும் எனக்குப் பழகவில்லை. இன்று காலை அவன் விலாவில் கையை வைத்துப் பார்த்தேன். இந்த மெலிவு காணுமா, கூடிவிட்டதா என்று தெரியவில்லை. கேட்க அக்கா இல்லை. கறுப்பன் என் கோட்டுப் பையை மோந்து மோந்து கனைத்தான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நின்றேன், ஒன்றும் கொடுக்கவில்லை.