நாற்பது பருப்பும் ஒரு பைசாவும்

எங்கள் கிணற்றின் கிழக்குச் சுவர் சரிந்து உள்ளே விழுந்த வருஷம் அது. ரூபாய்க்குப் பதினாறணா போய், நூறு நயா பைசா வந்த புதிது. சுவரைக் கட்டப் பணம் வேண்டும். வீட்டில் இருந்ததோ பன்னிரண்டு மூட்டை கடலைக்காய். செக்குக்குப் போட்டால் பாதிச் சுவர்தான் எழும்பும். ஓசூர் விதைக் கிடங்கில் விதைக்காக எடுத்துக்கொண்டால் முழுச் சுவரும் எழும்பும். முழுச் சுவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்வதில் நான் கெட்டிக்காரன். அதற்குப் பிறகுதான் தகராறு.

கிடங்கு அதிகாரி சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்று. "நூறு பருப்பை ஈரச் சாக்குல சுத்தி வைங்க. அஞ்சாம் நாள் மூட்டைகளோட அதையும் கொண்டு வாங்க. எண்பத்தஞ்சு சதவீதமாவது முளைச்சிருக்கணும்."

நூறு எண்ணி எடுத்தேன். கொழுத்த பருப்பு. நூறையும் நனைத்துப் பாழாக்க மனசு வரவில்லை. நாற்பதைச் சாக்கில் சுற்றினேன். மிச்சம் அறுபதை வறுத்து, நானும் என் மனைவியின் தம்பியும் தின்றோம். அவனுக்கும் என் வயசுதான். வண்டி ஓட்டுவதும் என்னைக் கிண்டல் செய்வதும் அவன் பொறுப்பு.

அஞ்சாம் நாள் அதிகாரி சாக்கைப் பிரித்து எண்ணினார். முளைத்தது முப்பத்தைந்து, முளைக்காதது ஐந்து.

"நூறு போடச் சொன்னேனே, மீதி எங்கே?"

"எங்க வயித்துல முளைக்குதுங்க சார்" என்றான் மச்சான்.

அதிகாரி சிரிக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் ஏழெட்டு வண்டிகள் நின்றன. "நூறு போட்டிருந்தா கணக்கே வேண்டியதில்லை. நாற்பதுக்கு முப்பத்தஞ்சுன்னா எத்தனை சதவீதம்? நீங்களே சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

என் காதுக்குள் ரைஸ் மில் ஓடியது. பின்னால் நின்ற மாடுகள்கூட என் பதிலுக்காக அசைபோடுவதை நிறுத்திவிட்டதாகத் தோன்றியது. நான் படித்த கணக்கில் முழுசு என்றால் பதினாறணா. அதைத்தான் பிடித்தேன். நாற்பதில் ஐந்து என்றால் எட்டில் ஒன்று. ரூபாயில் எட்டில் ஒன்று இரண்டணா. ஆக, செத்தது இரண்டணா, பிழைத்தது பதினாலணா. இதுவரை தங்கமான கணக்கு. இனி அணாவைப் பைசாவாக்கினால் போதும்; ரூபாய்க்கு நூறு பைசா, பைசாதான் சதவீதம். அணாவுக்கு ஆறு பைசா என்று சந்தையெல்லாம் பேச்சு. பதினாலு ஆறு எண்பத்து நாலு.

"எண்பத்து நாலுங்க சார்" என்றேன், பரீட்சையில் முதலாவதாக வந்தவன் குரலில்.

அவர் எங்களுக்குப் பின்னால் நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே எழுதினார். "ஒண்ணு குறையுதே. எடுத்துக்க முடியாது. அடுத்தவங்க வாங்க."

பாகலூர் ரோட்டில் வண்டி திரும்பியது. "ஒரே ஒரு கல்லக்கா மாமா! நாம தின்னதுல ஒண்ண உட்டு வச்சிருந்தா சுவரு நின்னிருக்கும்" என்று வழியெல்லாம் தின்ற பருப்புக்குத் துக்கம் கொண்டாடினான் மச்சான். நான் கிணற்றுக்குள் பாதிச் சுவர் நிற்பதை மனசுக்குள் பார்த்துக்கொண்டு வந்தேன்.

செக்குக்கு முன்னால் வண்டியை நிறுத்தினோம். மூட்டையை இறக்குமுன் எதிர்க்கடையில் ஆளுக்கொரு டீயும் வடையும். நாலணா ஆயிற்று. இருபத்து நாலு நயா பைசாவை எண்ணி வைத்தேன். கடைக்காரர் நீட்டிய கையை மடக்கவில்லை.

"இன்னொந்து பைசா கொடி" என்றார் கன்னடத்தில்.

"எதுக்கு இன்னொரு பைசா? அணாவுக்கு ஆறுதானே? நாலாறு இருபத்து நாலு."

"ஒரணாவுக்கு ஆறு. நாலணான்னா இருபத்தஞ்சு, சாமி. உங்க கணக்குல போனா ரூபாய்க்குத் தொண்ணூத்தாறுதான் வரும். மிச்சம் நாலு பைசாவ நானா போடறது?"

நான் வடையை வாயில் வைத்தபடியே எழுந்துவிட்டேன். பதினாறு ஆறு தொண்ணூற்றாறு! முழு ரூபாயிலேயே நாலு பைசாவைத் தொலைத்துவிட்டு, அந்த ஓட்டை ரூபாயால் என் விதையை அளந்திருக்கிறேன்.

"வண்டியைத் திருப்புடா!"

"எங்க மாமா?"

"கிடங்குக்கு. ஒரு மூட்டையும் இறக்கக் கூடாது."

வழி நெடுகக் கணக்கைச் சொல்லிப் பார்த்தேன். இந்த முறை அணாவைத் தொடவே இல்லை. கிடங்குக் கதவைச் சாத்தும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். படியேறினேன்.

"வேற விதை கொண்டு வந்தீங்களா?"

"இல்லைங்க சார். விதை அதேதான். வேற கணக்கு கொண்டு வந்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் நிறுத்தாமல் சொன்னேன்: "நாற்பதுல பத்து சதவீதம் நாலு பருப்புங்க. செத்தது அஞ்சு. நாலு போக மிச்சம் ஒண்ணு. நாலுக்குப் பத்துன்னா ஒண்ணுக்கு ரெண்டரை. செத்தது பன்னிரண்டரை. நூறுல அதைக் கழிங்க, பிழைச்சது எண்பத்தேழரை!"

அவர் தாளில் போட்டுப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். எண்பத்து நாலை அடித்து, எண்பத்தேழரை என்று எழுதினார். "அவசரத்துல நானும் பார்க்கலை" என்றார் மெதுவாக. பிறகு அதட்டலாக, "அடுத்த வருஷம் நூறு பருப்பும் சாக்குலதான் இருக்கணும்!"

முதல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டே மச்சான் கேட்டான்: "அப்ப வறுக்கறதுக்கும் சேர்த்து நூத்தி அறுபதா எண்ணிக்கலாமா மாமா?"