கோல் அடித்தவனின் தேங்காய்

எங்கள் பல்கலைக்கழக வளாகத்துக் கால்பந்துக் குழுவின் சரித்திரம் கேட்டு வருகிறவர்களை நான் வெறும் வயிற்றோடு அனுப்புவதில்லை. முதலில் பால் விடாத பிளேன்ரீ, பிறகு உளுந்து வடை, அதற்குப் பிறகுதான் சரித்திரம். விளையாட்டு மைதானத்தின் மூலையில் என் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. குழு தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் விழுந்ததும் எழும்பியதும் இந்தக் கடையின் முன்னால்தான். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவள் வாயில் வராத தமிழெல்லாம் பேனாவில் வருகிறது. "அது தேவையில்லை அம்மம்மா" என்று பாதியை விட்டுவிடவும் பார்க்கிறாள். எதை விட்டாலும் தேங்காய் விசயத்தை விடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முதல் வருசம் கோல் கம்பத்துக்கு வலை இல்லை. சல்லி என்கிற கடற்கரை ஊரில் இருக்கும் என் மச்சானிடம் ஒரு கிழிந்த மீன் வலையை வாங்கி வந்து பொடியன்களிடம் கொடுத்தேன். கட்டின அன்றே காகங்கள் வந்து கம்பத்தின் மேல் வரிசையாகக் குந்திவிட்டன. வெளியூரிலிருந்து வந்த கோல் காப்பாளன் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். அந்தத் தைரியத்தில் எங்கள் ஆட்கள் ஒரு கோல் போட்டார்கள், பிறகு ஆறோ ஏழோ வாங்கினார்கள். ஊருக்குள் திரிகிற மான்கள் வேறு கோலுக்குள்ளேயே படுத்து அசைபோடும். அவற்றை எழுப்பிக் கலைத்துவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கும். சீனன்குடா விமானப்படை முகாமுக்கு ஆடப் போன முதல் நாள், வாசலில் அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள். ஒருத்தனுடைய அட்டை என் கடையில் வடைத் தட்டுக்குக் கீழே கிடந்தது. பத்துப் பேரோடு ஆடித் தோற்றுவிட்டு, பஸ்சுக்குள் தாளம் போட்டுப் பாடிக்கொண்டே வந்து இறங்கினார்கள். எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

கடைக்கு முன்னால் வேப்ப மரத்தடியில் சின்னப் பிள்ளையார் ஒருவர் இருக்கிறார். அடுத்தடுத்துத் தோற்ற அந்தக் காலத்தில், "ஒருக்கா வெல்ல வையும், தேங்காய் உடைக்கிறன்" என்று அவரிடம் சொல்லியிருந்தேன். வென்ற அன்று தேங்காயோடு ஓடினேன். கையை ஓங்கின பிறகு, ஓடி விளையாடினது நான் இல்லையே என்று தோன்றியது. கோல் அடித்த பொடியனைக் கூப்பிட்டு, "நீயே உடை மோனே" என்று கொடுத்தேன்.

அதிலிருந்து அது சட்டமாகிவிட்டது. வெல்ல வைத்த கோலை அடித்தவன் குழாயில் கால் முகம் கழுவிவிட்டு என் முன்னால் வந்து கையை நீட்டுவான். நான் தேங்காயைக் கொடுப்பேன். அவன் உடைத்த பிறகுதான் மற்றவர்கள் வடைத் தட்டில் கை வைக்கலாம். முஸ்லிம் பொடியன் அடித்தால் தேங்காயை வாங்கிக் குழுத் தலைவனிடம் கொடுத்துவிடுவான். சிங்களப் பொடியன் ஒருத்தன் உடைத்த சில்லு என் கூரைத் தகரத்தில் போய் விழுந்து கன நாள் கிடந்தது. எந்த ஆட்டத்தில் யார் கோல் அடித்தான் என்று எழுதி வைக்க எனக்கு ஏலாது. யாருடைய கையில் தேங்காயை வைத்தேன் என்பதுதான் என் ஞாபகம். என்னைக் கேட்கிறவர்களுக்கும் அதுதான் சரித்திரம்.

அங்கேதான் நான் பிழை விட்டேன்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கிண்ணத்தை நாங்கள் முதன்முதலாக எடுத்த வருசம் அது. சண்டை ஓய்ந்திருந்த காலம். இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. அப்போது அன்புவழிபுரத்தில் என் வீட்டு முன்னறையில் ஒரு பொடியன் தங்கிப் படித்தான். இலங்கைத்துறையில் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை, குழுவிலும் இருந்தான். இருந்தான் என்றால், மைதானக் கரையில் மாற்று ஆட்கள் குந்துகிற வாங்கில் இருந்தான். மூன்று வருசமும் தண்ணீர்ப் போத்தல் கொடுத்ததைத் தவிர அவன் மைதானத்துக்குள் போனதை நான் காணவில்லை. அவனுடைய தாய் வருகிற போகிற ஆட்களிடம், "என்ர மகன் எப்பிடி விளையாடுறான்?" என்று கேட்டனுப்புவார். கூடவே நெத்தலிக் கருவாடும் வரும். நானும் ஒவ்வொரு முறையும், "உங்கட மகன் இல்லாமல் குழுவே இல்லை" என்று சொல்லியனுப்புவேன். ஒரு தாய்க்கு வேறு என்ன சொல்லியனுப்புவது என்று அப்போது நினைத்தேன்.

ஆட்டம் முடியக் கொஞ்சம் இருக்கும்போது கோல் விழுந்தது. அடித்தவன் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை. இடது காலன், அதிகம் கதைக்க மாட்டான். மூலையிலிருந்து வந்த பந்தை அந்த இடது காலால் அவன் தட்டியதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். தேத்தண்ணி வடிகட்டி கையிலிருந்து கேத்திலுக்குள் விழுந்துவிட்டது. விசில் ஊதினதும் எல்லோரும் மைதானத்துக்குள் ஓடினார்கள். வாங்கில் இருந்தவனையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேற்றில் புரட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து அவனுடைய தாய் வந்து நின்றார். மூதூரிலிருந்து வருகிற லோஞ்ச் படகு பிந்திவிட்டதாம். கையில் கருவாட்டுப் பை, காலில் செருப்பு இல்லை.

"அக்கா, முடிஞ்சுதோ? வெண்டிட்டினமோ?"

"ஓம், ஓம், வெண்டாச்சு!"

"என்ர பிள்ளைதானே கோல் அடிச்சது? இல்லாட்டி அவனில உவ்வளவு சேறு எப்பிடி?"

நான் வாயைத் திறப்பதற்குள், இடது காலன் கால் முகம் கழுவிக்கொண்டு என் முன்னால் வந்துவிட்டான். முகத்தில் தண்ணீர் சொட்டுகிறது. கையை நீட்டுகிறான். தாய் பக்கத்தில் நின்று என் வாயையே பார்க்கிறார். மூன்று வருசமாக நான் சொல்லியனுப்பிய பொய் எல்லாம் ஒரு நிமிசத்தில் வெளியே வரப்போகிறது.

நீட்டின கையைத் தாண்டிப் போய், வாங்குக்காரனின் கையில் தேங்காயை வைத்தேன்.

அவன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். "உடை மோனே, அம்மா பாக்கிறா" என்றேன். உடைத்தான். விளையாட்டுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் சேர் அந்த நேரம் படம் எடுத்தார். இடது காலன் நீட்டின கையை மடக்கி, முகத்தைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். வடைகூட எடுக்கவில்லை.

பிறகு பல வருசம் யோசித்துப் பார்த்தேன். அவனுடைய வீட்டிலிருந்து யாரும் ஆட்டம் பார்க்க வரவில்லை. அறுவடைக் காலம். வந்திருந்தால் எனக்கு அந்தத் துணிவு வந்திருக்காது. கேட்க ஆளில்லாதவனிடமிருந்துதான் எடுத்தேன். என்னை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன். ஆனால் யாரும் கேட்கவில்லை.

அந்தக் குழுவில் பாதிப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள், படம் எடுத்த சேரும் மாற்றலாகிப் போனார். மிச்சம் இருந்தது நானும் படமும். போன வருசம் இப்போதைய பிள்ளைகள் விளையாட்டு அறைச் சுவரில் ஒரு பெரிய சரித்திரப் பலகை வைக்க வேண்டும் என்று ஓடித் திரிந்தார்கள். பழைய அலுமாரிக்குள் கிடந்த அந்தப் படத்தோடு கடைக்கு வந்து, என்னைக் கதிரையில் இருத்திக் கைப்போனில் படம் பிடித்தார்கள்.

"ஆச்சி, தேங்காய் உடைக்கிற இந்த அண்ணா ஆர்?"

உண்மையைச் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். அந்தத் தாயும் அப்போது உயிரோடு இல்லை. ஆனால் இருபது பொடியன்கள் என்னைச் சுற்றி நிற்கிறார்கள், எனக்கோ சந்தோசப் புளுகம் தாங்க முடியவில்லை. "கப் எடுத்துத் தந்த கோலை அடிச்சவர் இவர்தான்!" என்று பேரையும் சொன்னேன். கைதட்டினார்கள். நான் சொன்னபடியே பலகையில் எழுதினார்கள்.

போன மாசம் ஒரு புது மாணவி கடைக்கு வந்தாள். முதலாம் வருசம். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் மைதானத்தைப் பார்த்தாள்.

"ஆறப்போகுது பிள்ளை, குடியுங்கோ" என்றேன்.

"ஆச்சி, என்ர அப்பாவும் இஞ்சதான் விளையாடினவர். கப் எடுத்த மட்ச்சில தான்தான் கோல் அடிச்சனான் எண்டு சின்னனிலயிருந்து சொல்லுவார். இடது காலை நீட்டிக் காட்டுவார். நான் அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டுப்போட்டுத்தான் சோதனை எழுதப் போறனான்." சிரித்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. "பலகையில வேற ஆளின்ர பேர் கிடக்கு. அப்பா எனக்குக் கதை விட்டிருக்கிறார். கேட்டனான். ‘அப்ப அப்பிடித்தான் இருக்கும்’ எண்டு போனை வச்சிட்டார். இப்ப அவர் எதைச் சொன்னாலும், இதுவும் அப்பிடியோ எண்டு வருது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "இன்னொரு வடை எடுங்கோ பிள்ளை" என்றேன். அவள் போன பிறகு உளுந்தரைக்க இருந்தேன், கை ஓடவில்லை. தேங்காய் எடுத்தது அவனிடமிருந்து. இப்போது அவனுடைய மகளிடம் அவனுக்கிருந்த மதிப்பையும் எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை பழைய ஆட்டக்காரர்கள் கூடி விளையாட வருகிறார்கள், அவளுடைய அப்பாவும் வருகிறார் என்று தெரிந்தது. அதற்கு முன்னால் பலகையைத் திருத்திவிட வேண்டும் என்று இப்போதைய குழுத் தலைவனிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"ஆச்சி, இது உங்கட பெஸ்ட் கதையெல்லோ. பலகை அடிச்சாச்சு, இப்ப மாத்தேலாது. அடுத்த வருசம் பாப்பம்."

"அடுத்த வருசம் நான் இருப்பனோ?"

"நீங்கள் எங்களையெல்லாம் அனுப்பிப்போட்டுத்தான் போவியள்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை பின்னேரம் ஆட்டம் முடிந்தது. வயிறு வைத்தவர்களும் மொட்டை விழுந்தவர்களும் மூச்சு வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். இடது காலன் கடைசியாக வந்தார். மகள் இரண்டடி தள்ளி வந்தாள். அவர் குழாயில் கால் முகம் கழுவினார். பழக்கம் போகவில்லை. நான் தேங்காயோடு அவர் முன்னால் போய் நின்றேன். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

"தம்பி, அண்டைக்கு இது உங்களுக்கு வரவேண்டியது. கோல் அடிச்சது நீங்கள். தெரிஞ்சுதான் நான் மாத்திக் குடுத்தனான். பலகையில கிடக்கிறதும் நான் சொன்ன பொய். பிள்ளை, உங்கட அப்பா கதை விடேல்ல. கதை விட்டது நான்."

குழுத் தலைவன் வடையைப் பாதி வாயில் வைத்தபடி நின்றான்.

"விடுங்கோ அன்ரி, அது அந்தக் காலம்" என்றார் அவர்.

மகள் விடவில்லை. "ஏன் அப்பா நீங்கள் அண்டைக்கே கேக்கேல்ல?"

"அந்தப் பொடியன்ர அம்மா பக்கத்தில நிண்டவ. அவ்வளவு தூரம் செருப்பில்லாமல் வந்திருக்கிறா. எனக்குத்தான் ஆரும் வரேல்லையே."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் அவரிடமிருந்து எடுத்ததற்குக் காரணம் எதுவோ, அவர் விட்டுக்கொடுத்ததற்கும் அதுவேதான் காரணம். என் கையில் அது கெட்டதாக இருந்தது, அவர் வாயில் நல்லதாக வந்தது.

மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அன்பு ஒன்றும் இல்லை. "அவரிட்டக் குடுங்கோ ஆச்சி. இண்டைக்கு அவருக்கும் ஆள் வந்திருக்கு."

கொடுத்தேன். அவருக்குத் தோள் வலியாம், முதல் எறியில் உடையவில்லை, உருண்டு போனது. எல்லோரும் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். மகள் ஓடிப்போய்ப் பொறுக்கிக் கொடுத்தாள். இரண்டாவது எறியில் உடைந்தது. எங்கிருந்தோ ஒரு மான் வந்து சில்லை நக்கியது. நானும் சிரித்தேன். எனக்கும் அன்றைக்குச் சிரிக்க உரிமை இருந்ததா என்று தெரியவில்லை.

அன்றிரவே பேத்தி வெளிநாட்டில் இருக்கும் வாங்குக்காரனைப் போனில் பிடித்துத் தந்தாள். "சொல்லிப்போட்டியளோ அன்ரி?" என்று கேட்டான். "அம்மா அந்தப் படத்தைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில வச்சிருந்தவ. நான் ஊருக்கு வந்தால் அந்தப் பக்கம் பாக்கிறேல்ல" என்றான். நான் கொடுத்தது அவனுக்கும் சுகமாக இருக்கவில்லை.

பலகை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. குழுத் தலைவன் நேற்று, "ஓம் ஆச்சி, பேர் மாத்தியாச்சு" என்றான். நான் போய்ப் பலகைக்கு முன்னால் நின்று பார்த்தேன். எனக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான். இடது காலனின் பிள்ளை தேத்தண்ணிக்கு வந்தபோது, பேர் மாறிவிட்டதா என்று கேட்டேன்.

"இல்லை ஆச்சி, இன்னும் மாத்தேல்ல" என்றாள்.

அவளுக்கு ஒரு வடை எடுத்து வைத்தேன். அவள் தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டுப் போனாள். நாளைக்கும் அவளிடம்தான் கேட்பேன்.