பெயரும் வயதும் சொன்ன அம்மா

மாத்தளையில் ஓர் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் நோயாளிகளைப் பதிவு செய்வது என் வேலை. கிளினிக் நாளில் தலை நிமிர நேரமிருக்காது. அன்று மேசைத் தொலைபேசி அடித்ததும் கணினியைப் பார்த்தபடியே, "பேரு, வயசு சொல்லுங்க" என்றேன்.

"பாக்கியம். அறுபத்தி மூணு."

"என்ன வருத்தம்?"

"தல சுத்துது மகள். ஒன் போன் ஓஃப்ல இருக்கு, அதான் இதுக்கு எடுத்தேன்."

நாவுலயில் தனியாக இருக்கும் என் அம்மா!

அம்மாவின் பக்கத்து வீட்டு அக்காவைப் போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நான் போய்ச் சேர்வதற்குள், அக்கா கொடுத்த சீனித் தேநீரில் அம்மா தெளிந்திருந்தார்.

"என் கொரல் தெரியலியாம்மா?" என்றேன்.

"தெரிஞ்சிச்சு. நீ வேலையில இருந்தியே, கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

இப்போது தினமும் மதியம் மேசையை விட்டு வெளியே வந்து அம்மாவுடன் போனில் பேசுகிறேன். எடுத்ததும் அவர் இன்னும், "பாக்கியம் பேசுறேன்" என்றுதான் சொல்கிறார்.