ஒரே காரில் வீடு திரும்பியவர்கள்

தங்கையைப் பார்த்துப் பொறாமைப்படுவது எனக்குப் புதிதில்லை. அவளுடைய நீளமான தலைமுடிக்கும், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மெச்சிய ஆங்கிலத்துக்கும், பிறகு வாய்த்த அமெரிக்க மாப்பிள்ளைக்கும் பட்ட பொறாமைகள் எல்லாம் காலத்தோடு செமித்துப் போயின. 2004ஆம் ஆண்டுக் கோடையில் வந்தது மட்டும் செமிக்கவில்லை.

அது ஒரு படத்தில் தொடங்கியது. அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சிறிய நகரத்தில் அவர்களுக்கு வீடு. அந்த வருடம் அங்கே சனாதிபதித் தேர்தல். வீட்டு முன்புறப் புல்தரையில் வாசல் பாதைக்கு இடப்பக்கம் ஒரு தேர்தல் பலகை, வலப்பக்கம் இன்னொன்று. ஒன்று பதவியில் இருந்தவருக்கு, மற்றது அவரை எதிர்த்து நின்றவருக்கு. "இடது என்ரை, வலது இவற்ரை" என்று எழுதி மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள்.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அயலட்டையிலை ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினமோ?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் தேநீர் போடப் போய்விட்டார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு ஒஸ்லோவுக்கு வந்தவர் அவர். நகரத்தின் ஓரத்தில் ஹவுகன்ஸ்டுவாவில் வீடு, பேருந்து ஓட்டும் வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை, ஒரு மகள். எங்கள் வீட்டில் எப்போதும் ஆட்கள் இருப்பார்கள். அவர் நன்றாகக் கதைப்பார். அதைக் கேட்கவே வருவார்கள்.

ஊரில், இலங்கையில், போர் நிறுத்தம் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் எங்கள் ஆட்களின் கூட்டம் நடந்தது. நோர்வே நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்திய காலம். எல்லோருக்கும் ஒரு நிமிர்வு இருந்தது. மேடையில் பேசியவர்கள் ஒரே குரலில் பேசினார்கள். கடைசியில் கேள்வி உண்டா என்று ஒப்புக்குக் கேட்டார்கள். இவர் எழும்பினார்.

"வேறை மாதிரி யோசிக்கிற ஆக்களையும் ஒருநாள் இந்த மேடையிலை ஏத்திக் கதைக்க விடலாம் தானே? கேட்டுப் போட்டுப் பிழையெண்டால் பிழையெண்டு சொல்லுவம்."

அவ்வளவுதான் கேட்டது. ஒருவர் நன்றியுரையைத் தொடங்கினார்.

யாரும் எங்களை அடிக்கவில்லை, ஏசவில்லை. வராமல் விட்டார்கள். மகளின் பிறந்தநாளுக்குப் பெரிய கேக் செய்து, பாதிக்கு மேல் வேலையிடத்துக்குக் கொண்டுபோனேன். மேல்மாடியில் கிழக்கிலங்கை மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு நாங்கள் ஒன்றாக ரயில் ஏறுவோம். கூட்டத்துக்கு அடுத்த வாரத்திலிருந்து அவள் முந்திய ரயிலில் போகத் தொடங்கினாள். இந்த நாட்டில் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று பிரதமரைக் கத்தி ஏசிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். போலீஸ்காரன் பக்கத்தில் நின்று வெயில் காய்வான். சட்டம் எங்களுக்கும் அதே சட்டம்தான். மண்டபத்துக் கதவுக்கு உள்ளே அது வரவில்லை.

அதற்குப் பிறகு இவர் கதைப்பதை விட்டுவிட்டார். வெளியில் மட்டுமல்ல, வீட்டிலும். குளிர்கால டயர், மகளின் கையுறை, நாளைக்கு என்ன கறி, இவைதான் எங்கள் பேச்சு. எனக்கும் கருத்து இருந்தது. அது அவருடைய கருத்தும் இல்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் யூலை மாதம் தங்கையும் அவள் கணவரும் வந்தார்கள்.

விமான நிலையத்தில் அவர்கள் வெளியே வரும்போதே சண்டை பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். புறப்பட்ட இடத்தில் தங்கையின் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, பெட்டியைக் கொட்டி, சப்பாத்தைக் கழற்றச் சொல்லிச் சோதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பயணத்திலும் இப்படித்தானாம். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அவளுக்குத்தான் ஆறவில்லை.

"உங்கடை தோலைப் பாத்துத்தான் மறிச்சவங்கள். அதுக்கு நீங்கள் நன்றி வேறை சொல்லுறியள்!"

"அவங்கள் தங்கடை வேலையைச் செய்யிறாங்கள். பிளேனிலை நீரும்தானே இருந்தனீர்? உம்மடை பாதுகாப்புக்கும்தான்" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "மச்சாள், இவவுக்குப் பசி. அதுதான் கோவம்."

"பசியில்லை, அரசியல்!" என்றாள் தங்கை. இரண்டு பேரும் ஒரே தள்ளுவண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் நடந்தேன்.

காரில் என் மகள் காதுக்குள் கேட்டாள்: "அம்மா, இவை உண்மையா க்ரங்ளெ பண்ணினமோ, பகிடியோ?" சண்டைக்கு அவளுக்கு நோர்வே மொழிச் சொல்தான் வரும், தமிழ்ச் சொல் உடனே வராது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்த நாள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தபோது தங்கை தன் நூலகக் கதையைச் சொன்னாள். அவளுக்கு நகரத்து நூலகத்தில் பகுதிநேர வேலை. இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு வந்த சட்டத்தின்படி, யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்று அரசாங்கம் நூலகத்திடம் கேட்கலாமாம். கேட்டதை அந்த ஆளிடம் சொல்லவும் கூடாதாம். நூலகத்தில் வேலை செய்தவர்கள் சேர்ந்து, திருப்பித் தந்த புத்தகங்களின் பதிவை அன்றன்றே அழிக்க முடிவெடுத்தார்கள். அதற்கு நகரசபையில் எதிர்ப்பு வந்தது. பொதுமக்கள் பேசலாம் என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். தங்கை போய்ப் பேசினாள்.

"பயமா இருக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"பயம்தான். 'நான் வந்த நாட்டிலை என்ன வாசிக்கிறாய் எண்டு கேட்டுத்தான் தொடங்கினவை' எண்டு சொன்னன். கொஞ்சப் பேர் கை தட்டினவை. நான் வந்து இருக்க, பின்வரிசையிலை இருந்து ஒருத்தர் எழும்பி வாறார். பாத்தால், என்னைக் கூட்டிக்கொண்டு வந்த இவர்!"

"உனக்காகக் கதைக்கவோ?"

"எங்கை! எனக்கு எதிரா! 'இப்ப பேசினது என்ரை மனுசி. அவ நல்ல மனுசி, ஆனா இந்த விசயத்திலை அவவுக்குப் பிழை' எண்டு தொடங்கினார். ஒளிக்க ஒண்டும் இல்லாதவன் ஏன் பயப்பிடவேணும், நாடு இருந்தால்தானே நூலகம், அது இது எண்டு முழங்கிப் போட்டு வந்து எனக்குப் பக்கத்திலை இருந்தார்."

"பிறகு?"

"பிறகென்ன. வீட்டை வந்தனாங்கள்."

"ஒரே காரிலோ?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "ஓம் அக்கா. எங்களிட்டை அண்டைக்கு ஒரு கார்தானே நிண்டது. வழியிலை பீட்சா வாங்கினனாங்கள்."

அப்பம் கருகியது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. இவளுக்கு மட்டும் ஏன் எல்லாம் இப்படி என்று நெஞ்சு எரிந்தது. ஒரு மண்டபம் நிறைந்த சனத்தின் முன்னால் மனைவியை மறுத்துப் பேசிய ஒருவர், பேச அவளுக்கு உரிமை இருக்கிறது என்பதை ஒருகணமும் மறுக்கவில்லை. என் கணவர் மண்டபத்தில் தனியே நின்று கேட்டார். நான் பக்கத்தில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஆதரவாக நான் பேசவில்லை. எதிராகவும் பேசவில்லை. அப்படி ஒன்று செய்யலாம் என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அமெரிக்கா சொர்க்கம் என்று அவள் சொல்லவில்லை. தினமும் நூலகத்துக்கு வந்து அரபுப் பத்திரிகை வாசிக்கும் ஒரு முதியவர் வருவதை நிறுத்திவிட்டாராம். "நாங்கள் பதிவை அழிக்கிறம் எண்டு அவருக்குச் சொல்லியும் வரேல்லை அக்கா" என்றாள். நான் அவள் தோளைத் தடவினேன். ஆனால் அந்தக் கவலையைக்கூட வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு ஒரு வீடு இருக்கிறதே என்றுதான் உள்ளுக்குள் நினைத்தேன்.

சனிக்கிழமை மதியம் விருந்து வைத்தேன். மேல்மாடிப் பெண்ணையும் அழைத்தேன். வரமாட்டாள் என்று நினைத்துத்தான் அழைத்தேன். வந்தாள். கையில் ஒரு தட்டு வட்டிலப்பம், கருப்பட்டி போட்டு அவித்த இனிப்பு.

அவள் ஏன் வந்தாள் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்த வசந்தத்தில் ஊரில் கிழக்கிலும் வடக்கிலும் நின்று போராடிய ஒரே அணிக்குள் பிளவு விழுந்து, ஆட்கள் ஒருவரை ஒருவர் சுட்டார்கள். ஒஸ்லோவில் இருந்த மட்டக்களப்புக் குடும்பங்களை எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்கள். அவளும் எந்தப் பக்கம் என்று வாய் திறக்கவில்லை. அவளுடைய வீட்டுக்கும் வரவு குறைந்துவிட்டது.

மீன் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தபோது தங்கையின் கணவர் என் கணவரிடம் சாதாரணமாகக் கேட்டார்: "அண்ணை, ஊர்ப் பிரச்சினை எப்பிடிப் போகும் எண்டு நினைக்கிறியள்? திரும்பச் சண்டை வருமோ?"

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். 'மீன் இன்னும் போடட்டோ' என்று கேட்க வாயெடுத்தேன்.

தங்கை முந்திக்கொண்டாள். "சொல்லுங்கோ அத்தான். நீங்கள் நினைக்கிறதைச் சொல்லுங்கோ. பிழையெண்டால் நான் சொல்லுவன்."

என் கணவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தார். பேசத் தொடங்கினார். சண்டை திரும்ப வரும் என்றார். வந்தால் இந்த முறை சனத்துக்கு மிஞ்சுவது ஒன்றும் இருக்காது என்றார். வெளிநாட்டில் இருந்து கை தட்டுகிற நாங்கள் அதைப் பற்றி உரத்துக் கதைக்காதது பெரிய பிழை என்றார். இரண்டு வருடங்களாகப் பூட்டி வைத்ததெல்லாம் வந்தது. போகப் போகப் பழைய குரல் திரும்பியது.

மேல்மாடிப் பெண் தலையை நிமிர்த்தினாள்.

"அண்ணன் சொல்றது சரியெண்டு நான் சொல்லல்ல. நீங்க அண்டைக்கு மேடையக் கேட்டீங்க. கிழக்கில இருந்து ஒரு ஆளையும் மேடையில காணல்ல எண்டு உங்களுக்கும்தான் தோணல்லயே! வேற கருத்தெண்டா உங்கட யாழ்ப்பாணத்துக்க இரிக்கிற வேற கருத்து மட்டுந்தானா?"

கணவர் திகைத்துப் போனார். நான் பயந்துவிட்டேன். பிறகு அவர் மெதுவாக, "அது நியாயமான கேள்வி" என்றார். அவளும் விடவில்லை. அவர் ஒன்று சொன்னால் அவள் இன்னொன்று சொன்னாள். தங்கையின் கணவர் இரண்டு பேரையும் மறுத்தார். தங்கை அவரை மறுத்தாள். வட்டிலப்பம் தீரும்வரை அது நடந்தது. போகும்போது மேல்மாடிப் பெண் வாசலில் நின்று, "அந்தப் பிறந்தநாளுக்கு வராதது மனசுக்க இரிக்கு கா" என்றாள். சனிக்கிழமை ரயிலுக்கு இனி ஒன்றாகப் போவோம் என்று பேசிக்கொண்டோம்.

எல்லோருக்கும் நல்ல நாளாக முடிந்தது. எனக்கு மட்டும் அன்றைக்குத்தான் பொறாமை உச்சத்துக்குப் போனது. என் கணவரின் வாயை என் தங்கை ஒரு கேள்வியில் திறந்துவிட்டாள். தினமும் அவருக்குச் சோறு போட்ட எனக்கு அது கைகூடவில்லை. இரவுப் பாத்திரங்களைக் கழுவும்போது அவளிடம் கோபமாகவே சொன்னேன்.

"உனக்கென்ன. நீ வெள்ளிக்கிழமை ஏறிப் போயிடுவாய். இஞ்சை இருக்கிறது நாங்கள்."

அவள் கோப்பைகளைத் துடைத்தாள். பிறகு, "அக்கா, நீ என்ன நினைக்கிறாய்? அத்தான் சொன்னார், அவ சொன்னா. நீ ஒண்டும் சொல்லேல்லையே" என்றாள். என்னால் அவளுக்குச் சொல்ல முடியவில்லை. சொல்லவேண்டிய ஆள் அவள் இல்லை என்று தோன்றியது.

நவம்பரில் அவள் ஆதரித்தவர் தோற்றார். தொலைபேசியில் அழுதாள். பின்னால் அவள் கணவரின் குரல் கேட்டது: "தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுமன்." வென்ற பக்கத்து ஆள் அவர். தோற்றவளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றார். நான் வாழ்த்தோ ஆறுதலோ சொல்லாமல் சீக்கிரமே தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் நோர்வேயில் தேர்தல் வந்தது. பள்ளிக்கூடத்தில் வாக்குப் போட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் நடந்து வந்துகொண்டிருந்தோம். யாருக்குப் போட்டேன் என்று நானாகவே சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

"அவைக்கோ? அவை வந்தால் சின்னப் பிள்ளையளை வீட்டிலை வைச்சுப் பாக்கிற தாய்மாருக்குக் காசு குடுக்கிறதை நிப்பாட்டுவினம், தெரியுமோ உமக்கு?"

"நிப்பாட்டட்டும். எங்கடை பெட்டையள் வேலைக்குப் போகட்டும். நான் வேலைக்குப் போனபடியால்தானே உங்களோடை இப்ப நோர்வேயின்ரை கதை கதைக்கிறன்."

"விசர்க் கதை" என்றார். வீடு வரும்வரை வாதாடினோம். லிஃப்டுக்குள்ளும் வாதாடினோம். அவர் முகம் சிவந்திருந்தது; எனக்கு மூச்சு வாங்கியது. சாப்பிடும்போது எனக்கு முதலில் பரிமாறினார். ஆனால் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. நானும் பெறவில்லை.

அன்றிலிருந்து நோர்வேயைப் பற்றி எங்களால் எவ்வளவும் சண்டை பிடிக்க முடிகிறது. ஊரைப் பற்றியும் இப்போது கதைக்கிறோம். அவர் கருத்து ஒன்று, என் கருத்து வேறொன்று என்று இருவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால், கோடையாக இருந்தாலும், இரண்டு பேரில் ஒருவர் எழும்பிப் போய் யன்னலைச் சாத்திவிட்டு வருகிறோம். என் தங்கை வீட்டில் யாரும் அப்படி எழும்புவதில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் எரிகிறது.