ஆடியைத் தாண்டிய கம்ப்யூட்டர்

ஆரணியில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரில் போடுகிறவர் தான் ஒருவர்தான் என்பது சிவப்பிரகாசத்தின் கணக்கு. அந்தக் கணக்கை வேறு யாரும் சரிபார்த்ததில்லை. ஆனால் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் அது மனப்பாடம். டீக்கடையில் மழையைப் பற்றிப் பேச்சு தொடங்கினாலும், நாலாவது வாயில் அந்தச் சாஃப்ட்வேர் வந்து உட்கார்ந்துகொள்ளும். கேட்கிறவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

மனிதர் தொழிலில் கெட்டிக்காரர். அதில் குறை சொல்ல முடியாது. வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, முந்தியில் மயில், பார்டரில் கொடி என்று கட்டம் கட்டமாகப் போடுவார். அதைத் தறிக்காரர்கள் பென் டிரைவில் வாங்கிப்போய்த் தறியில் ஏற்றினால் அப்படியே நெய்து வரும். அவர் போட்ட மயிலுக்குக் கழுத்து வளைவு தனி அழகு. ஐம்பது வயதில் கண்ணாடி போட்டும் ஒரு கட்டம் தப்பமாட்டார்.

அவருக்கு ஒரு தம்பி, பாலமுருகன். அதே தொழில், அதே தெரு, நாலு வீடு தள்ளி. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்று மூன்று வருஷம் ஆகிறது. சொத்துத் தகராறு என்றால் ஊர் ஒப்புக்கொள்ளும். இவர்கள் பிரிந்ததோ கம்ப்யூட்டர் கடிகாரத்தால்.

நடந்தது இதுதான். அந்தச் சாஃப்ட்வேரை வாங்கும் முன் ஒரு மாதம் ஓசியில் ஓட்டிப் பார்க்கலாம். பாலமுருகன் அந்த மாதம் முடிகிற நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னுக்குத் தள்ளிவிடுவான். இப்படியே ஒரே மாதத்தை வருஷக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தான். இது அண்ணன் காதுக்கு எட்டியது. எட்டியதை அவர் அடக்கி வைத்திருக்கலாம். கோயில் அன்னதானத்தில், பந்தி நடுவே, சாம்பார் ஊற்றுகிறவன் உட்பட எல்லோரும் கேட்கும்படி, “நேரத்தத் திருப்பி வெச்சிப் பொழைக்கிறவன் திருடன்தான்” என்று சொல்லிவிட்டார். பாலமுருகன் பாதி இலையில் கையை உதறிக்கொண்டு எழுந்து போனான். அன்றைக்கு விட்டதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சிவப்பிரகாசமும் கம்ப்யூட்டரின் நேரத்தை மாற்றுகிறவர்தான். ஆனால் அவர் மாற்றியது திருட்டுக்கு இல்லை. ராகு காலத்துக்கு.

தறியில் புதுப் பாவு நூல் ஏற்றுவதென்றால் நல்ல நேரம் பார்ப்பது இந்த ஊர் வழக்கம். டிசைனும் சேலைக்குப் பிறப்புதானே? அதற்கும் பார்த்தாக வேண்டும். அவருக்கு அதிகம் வேலை கொடுக்கிற பட்டு வியாபாரி துரைக்கண்ணு இந்த விஷயத்தில் இன்னும் கெட்டி. ஒருமுறை ஒரு டிசைன் விலைபோகாமல் அலமாரியிலேயே தூங்கியது. என்ன குற்றம் என்று அவர் யார் யாரையோ கேட்டு, கடைசியில் அந்த ஃபைல் எந்த நிமிஷத்தில் உண்டானது என்று கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம் என்பதைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். பார்த்தால், வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணி, சுத்தமான ராகு காலம். அதிலிருந்து பெண் வீட்டார் ஜாதகம் பார்ப்பதுபோல ஃபைலின் பிறந்த நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் டிசைனை எடுப்பார்.

அவசர வேலை ராகு காலம் பார்த்தா வருகிறது? அதனால் சிவப்பிரகாசம் ஒரு வழி கண்டார். ராகு காலத்தில் வேலை வந்தால் கம்ப்யூட்டரின் மணியை ராகு காலம் முடிகிற இடத்துக்குத் தள்ளுவார். கும்பிட்டுவிட்டுப் புது ஃபைல் தொடங்குவார். வேலை முடிந்ததும் யோக்கியமாக மணியைப் பழையபடி கொண்டுவந்து வைத்துவிடுவார். அஷ்டமி, நவமி வந்தால் தேதியையே தள்ளுவார். தம்பி தள்ளியது பின்னால், தான் தள்ளுவது முன்னால், ஆகவே இரண்டும் வேறு என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் திரையின் வலப்பக்க மூலையில், மணி காட்டும் இடத்துக்கு நேர்மேலே, மஞ்சளாக ஒரு பெட்டி முளைத்தது. இங்கிலீஷில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். உங்கள் உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை, இந்தப் பிரதி அசல் அல்லாததாக இருக்கலாம் என்றது. திருடன் என்று நேராகச் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போடலாம். ‘இருக்கலாம்’ என்று இழுத்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பெட்டி கொஞ்ச நேரத்தில் தானாக மறைந்தது. இரண்டு வாரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு நாள் திரும்ப வந்தது. வரும், போகும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தினமும் வந்தால் வியாதி என்று வைத்தியம் பார்க்கலாம். இது விருந்தாளி மாதிரி வந்து போனால் என்ன செய்வது?

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர் வந்தார். கம்ப்யூட்டரைக் கழற்றி, புளோயர் வைத்துத் தூசி ஊதி, எல்லாம் தறித்தூசி செய்கிற வேலை என்றார். அறை முழுக்கத் தூசியானது. எச்சரிக்கை அப்படியே இருந்தது. அடுத்த தடவை வந்து மவுஸை மாற்றினார். ஏன் மவுஸ் என்று கேட்டதற்கு, எதையாவது மாற்றிப் பார்க்கத்தானே வேண்டும் என்றார். சிவப்பிரகாசத்தின் மனைவி பானுப்ரியா பார்த்தாள். எதிர்வீட்டுக் கண் என்று முடிவு செய்து, எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து மானிட்டரில் கட்டிவிட்டாள். மிளகாய்க் காம்பு திரையில் மயிலின் கொண்டைமேல் தொங்கியது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று செய்தார் நம்மவர். சிரிக்கக் கூடாது. சாஃப்ட்வேர் வாங்கிய பில்லை லேமினேட் செய்து, பெட்டி வரும்போதெல்லாம் அதைத் திரைக்கு நேரே தூக்கிக் காட்டுவார். வண்டியை நிறுத்தும் போலீஸ்காரரிடம் ஆர்.சி. புக் காட்டுவது மாதிரி. மேல் மூலையில் இருக்கும் கேமராவுக்கும் தெரியட்டும் என்று கொஞ்சம் சாய்த்தும் காட்டுவார். சில தடவை பெட்டி மறைந்தது. அது தானாக மறைகிற நேரம்தான். ஆனாலும் அவருக்கு அதில் ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது.

அவர் பயந்தது ஒன்றுக்குத்தான். துரைக்கண்ணு அண்ணனிடமும் டிசைன் வாங்குவார், தம்பியிடமும் வாங்குவார். இங்கே டீ குடித்துவிட்டு நேரே அங்கே போகிறவர். இந்தப் பெட்டி அவர் கண்ணில் பட்டால் அரை மணியில் பாலமுருகன் வீட்டுக்குச் சேதி போய்விடும். பந்தியில் திருடன் என்று சொன்னவன் வீட்டுக் கம்ப்யூட்டரே அவனைத் திருடன் என்கிறது. அதற்கப்புறம் இந்தத் தெருவில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது? தம்பியின் திருட்டு சாஃப்ட்வேரோ வாயைத் திறக்காமல் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்ததாம். அதை நினைக்க நினைக்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மகாலட்சுமி ஸ்டிக்கரை வாங்கிவந்து அந்த மூலையில் ஒட்டினார். பெட்டியும் மறைந்தது, அதற்குக் கீழே இருந்த மணியும் தேதியும் சேர்ந்து மறைந்தன. துரைக்கண்ணு வந்து பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆடி பிறந்தது. ஆடியில் எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது. ஆனால் தீபாவளிக்குச் சேலை வேண்டுமென்றால் ஆடியில்தான் டிசைன் வேண்டும். சிவப்பிரகாசம் மகாலட்சுமியின் ஓரத்தை நகத்தால் தூக்கி, கம்ப்யூட்டரை ஒரேயடியாக ஆவணிக்குத் தள்ளிவிட்டார். லட்சுமியைத் திரும்பப் படிய வைத்து, ஒரு அன்னப்பட்சி பார்டரைத் தொடங்கினார். கண்ணில் படாத தேதியைப் பழையபடி வைக்க மறந்தே போனார். ஊரெல்லாம் ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருக்க, அவர் கம்ப்யூட்டர் மட்டும் ஆவணியில் உட்கார்ந்திருந்தது.

பெட்டி இந்தத் தடவை மூலையில் வரவில்லை. துரைக்கண்ணு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அன்னத்தை ரசித்துக்கொண்டிருந்தபோது, திரையின் நட்டநடுவில், சிவப்பாக, அன்னத்தையே மறைத்துக்கொண்டு வந்தது. உரிமம் உறுதியாகும்வரை எதையும் சேமிக்க முடியாது என்றது. இங்கிலீஷ் தெரியாத துரைக்கண்ணு, என்ன சொல்லுது என்று கேட்டார்.

“வாழ்த்து சொல்லுதுங்க” என்றார் சிவப்பிரகாசம்.

எதற்கு வாழ்த்து என்று அவர் கேட்கவில்லை. சிவப்பு நல்ல நிறம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணெதிரே அவர் பாலமுருகன் வீட்டுப் பக்கம் திரும்புவதைச் சிவப்பிரகாசம் வாசலில் நின்று பார்த்தார். யோக்கியன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவர் வாயில் பொய் வந்துவிட்டது. அதுவும் சுளுவாக வந்துவிட்டது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, சாப்பாடு முடிந்த கையோடு, சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி நம்பருக்குப் போன் போட்டார். ரொம்ப நேரம் பாட்டு கேட்கவைத்த பிறகு, தமிழ் பேசுகிற ஒரு பெண் கிடைத்தாள். பெயர் கலைமகள், சொந்த ஊர் சந்தவாசல், சென்னையில் வேலை. பக்கத்து ஊர்ப் பெண் என்றதும் அவருக்குத் தைரியம் வந்து, தூசியிலிருந்து எலுமிச்சம்பழம்வரை எல்லாம் சொன்னார். பில் கையில் இருக்கிறது, காட்டட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, அவள் அங்கிருந்தபடியே அவர் திரையைத் தன் திரையில் வரவழைத்துப் பார்த்தாள். அவள் திரையில் மகாலட்சுமி இல்லை.

“சார், உங்க ஊர்ல இன்னிக்கி இன்னா தேதி?”

“ஏம்மா, உங்களுக்கு இன்னா தேதியோ அதான் எங்களுக்கும்.”

அவர் கம்ப்யூட்டர் அடுத்த மாதத்தில் இருப்பதாக அவள் சொன்னாள். அது தான் வைத்ததுதான் என்று இவர் பெருமையாகவே சொன்னார். ஆடியில் எப்படிப் புது டிசைன் தொடங்குவது என்று விளக்கினார். ராகு காலத்தையும் அஷ்டமியையும் விடவில்லை. வேலை முடிந்ததும் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகப் பழைய நேரத்துக்கே கொண்டுவந்துவிடுவேன், இந்த ஒரு முறைதான் மறந்துவிட்டேன் என்றும் சொன்னார்.

“தப்பா நெனைக்காதீங்க சார்” என்றாள் கலைமகள். “நீங்க பழையபடி கொண்டாந்து வெக்கிறீங்களே, அதுக்கு அது நேரத்தப் பின்னால இழுக்கிற மாதிரி. ஓசியில ஓட்டறவங்கதான் அப்படி இழுப்பாங்க. இந்தத் தடவ ஒரு மாசம் தள்ளியே நின்னுடுச்சா, அதான் செவப்பாவே வந்துடுச்சி. யார் எதுக்கு இழுத்தாங்கன்னு அதுக்குத் தெரியாது. எல்லாரையும் திருடன்னுதான் நெனைக்கும்.”

அவளே தேதியைச் சரியாக வைத்தாள், உரிமத்தைப் புதுப்பித்தாள், இனிமேல் கடிகாரத்தில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். சிவப்புப் பெட்டி போய்விட்டது. அன்னம் பழையபடி திரையில் நின்றது. பிரச்சினை தீர்ந்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டிய மனிதர் பில்லை மடியில் வைத்துக்கொண்டு இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

பின்னால இழுக்கிறவன் திருடன். பந்தியில் அவர் சொன்னதும் அதேதான். தம்பி முப்பது நாளுக்கு ஒருமுறை இழுத்தான். இவர் வாரத்துக்கு இரண்டு தடவை இழுத்திருக்கிறார். அந்தப் பாதி இலையும், அதில் ஊற்றிய சாம்பாரும், எழுந்து போன முதுகும் கண்முன்னே வந்தன. மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவருக்குத் தம்பிமேல் கோபம் வரவில்லை. வெட்கம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பானுப்ரியா வாசலில் வழிமறித்தாள். செவ்வாய்க்கிழமை, மூன்றேகால், ராகு காலம், அதுவும் ஆடி என்றாள். நாலரை வரைக்கும் உட்கார்ந்தால் தன் மனசு மாறிவிடும் என்பது சிவப்பிரகாசத்துக்குத் தெரியும்.

“இருக்கட்டும் பானு” என்று செருப்பை மாட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தப் பதிலை அவள் கேட்டதே இல்லை.

நாலு வீடுதான். பவர்லூம் சத்தம் காதைப் பிளந்தது. பாலமுருகன் கதவைத் திறந்தான். அண்ணனைப் பார்த்தான். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நிலைப்படிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவர்.

“பாலா, நானும் நேரத்தத் திருப்பிகினுதான் இருந்தேன்” என்றார் சிவப்பிரகாசம். “நல்ல நேரம் பாத்துத் திருப்புனேன். என் மிஷின் என்னைத் திருடன்னு சொல்லிச்சி. பந்தியில உன்னைச் சொன்னேனே, அத நான் வாபஸ் வாங்கிக்கறேன்டா.”

பாலமுருகன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். அப்புறம் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அவனும் அதே அப்பனுக்குப் பிறந்தவன்தானே, ராகு காலத்தில் எதையும் தொடங்கமாட்டான். உள்ளே போய்விட்டான். சிவப்பிரகாசம் போய்விடலாம் என்று செருப்பைத் தேடினார்.

தறிச் சத்தத்தையும் மீறி, உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். பாலமுருகன் நாற்காலிமேல் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றி, பெரிய முள்ளை விரலால் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்து ஆணியில் மாட்டினான். இறங்கி, பக்கத்தில் தொங்கிய தினசரி காலண்டரின் முன்னால் நின்று யோசித்தான். பிறகு மிச்சமிருந்த ஆடி மாதத்தைக் கொத்தாகப் பிடித்து ஒரே கிழியாகக் கிழித்துக் கையில் கசக்கினான்.

“ஆவணி பொறந்துடுச்சி, மணி நாலே முக்கால்” என்றான். “உள்ள வாண்ணா.”

சிவப்பிரகாசம் தன் கையில் கட்டியிருந்த வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்தார்.